மொசார்ட் குடும்ப ஓவியத்தில் அப்பா ஏன் தள்ளி இருக்கிறார்?

கேள்வி கேட்டவர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் இருக்கும் மொசார்ட் குடும்ப ஓவியத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “மகனும் மகளும் ஒட்டி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அப்பா வயலினைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்காமல், இசைக்கருவிக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒரே தொழில் செய்த அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே இருந்த விரிசலை ஓவியர் பிடித்துவிட்டாரா? மொசார்ட்டின் முகம் நிஜமாகவே இப்படித்தான் இருந்ததா?” இரண்டு கேள்விகள் மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பதினெட்டாம் நூற்றாண்டுக் குடும்ப ஓவியம் ஒன்றைச் சாட்சியாக எவ்வளவு தூரம் நம்பலாம்? மகனின் முகத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து அவர்கள் உறவைப் படிக்க முடியாது. ஏன் என்பதற்குப் படம் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். அதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் ஆதாரம் அபூர்வமானது. அந்தக் காலத்துப் பெரும்பாலான குடும்ப ஓவியங்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இது கேன்வாஸில் தீட்டிய தைலவண்ண ஓவியம், ஏறத்தாழ 140 செ.மீ. உயரம், 186 செ.மீ. அகலம். இடப்பக்கம் உயரமான கொண்டையோடு அக்கா மரியா அன்னா (வீட்டில் நானெர்ல்). அவருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோட்டில் தம்பி வொல்ஃப்காங், அதாவது இசையமைப்பாளர் மொசார்ட். இருவரும் ஒரே விசைப்பலகையில் நான்கு கைகளால் வாசிக்கிறார்கள், கைகள் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. வலப்பக்கம் அப்பா லியோபோல்ட், வயலினும் வில்லுமாக. சுவரில் நீள்வட்டச் சட்டத்துக்குள் அம்மா அன்னா மரியா. மாடம் ஒன்றில் யாழ் ஏந்திய அப்பல்லோ சிலை.

அம்மாவிடமிருந்து தொடங்குவதுதான் சரி. அன்னா மரியா 1778 ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்துவிட்டார். இந்த ஓவியம் 1780-81 பனிக்காலத்தைச் சேர்ந்தது. எனவே சுவரில் தொங்கும் முகம், வீட்டில் ஏற்கெனவே இருந்த தனி உருவப்படத்தைப் பார்த்து எடுத்தது. நால்வரில் ஒருவர் ஓவியர் முன்னால் உட்காரவே இல்லை என்பது இதனால் உறுதி. மற்ற மூவரும் சேர்ந்து உட்கார்ந்தார்களா? அதற்குக் கடிதங்கள் பதில் சொல்கின்றன. வொல்ஃப்காங் 1780 நவம்பர் 5 அன்று ‘இடோமெனியோ’ ஓப்பராவை முடித்து அரங்கேற்ற மியூனிக் கிளம்பிப் போனார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதத்தில் குடும்ப ஓவியம் என்ன ஆயிற்று, அப்பாவின் சாயல் நன்றாக வந்திருக்கிறதா, அக்காவை வரைய ஆரம்பித்தாகிவிட்டதா என்று விசாரிக்கிறார். டிசம்பர் 30 அன்று நானெர்ல் தம்பிக்கு எழுதுகிறார்: மறுநாள்தான் முதல் தடவையாக ஓவியர் முன் உட்காரப் போகிறாராம். அதற்காக மோல்க் என்ற குடும்பத்தின் வீட்டுப் பணிப்பெண் வந்து தலைமுடியைக் கோபுரம் மாதிரி கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தக் கொண்டையோடு உட்கார்ந்து எழுதும்போது முடி தீப்பற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறதாம். படத்தில் நாம் பார்க்கும் அந்தக் கொண்டைக்கு இதைவிட நெருக்கமான சாட்சி வேண்டியதில்லை. ஜனவரி 8 அன்று அப்பா எழுதும்போது மகள் இரண்டு முறை உட்கார்ந்து முடித்திருக்கிறாள். முகம் நன்றாக வந்திருக்கிறது என்று திருப்தியோடு சொல்கிறார். அந்த மாத இறுதியில் அப்பாவும் மகளும் ஓப்பரா பார்க்க மியூனிக் போய்விட்டார்கள். அரங்கேற்றம் ஜனவரி 29. மார்ச்சில் வொல்ஃப்காங் மியூனிக்கிலிருந்து நேராக வியன்னாவுக்குப் போனார், சால்ஸ்பர்க் திரும்பவில்லை.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அக்கா முதல் தடவை உட்கார்ந்தபோது, பக்கத்தில் கை தாண்டி வாசித்துக்கொண்டிருக்கும் தம்பி அந்த ஊரிலேயே இல்லை. தம்பியின் முகத்தை நேரில் பார்த்து வரைந்திருந்தால் அது நவம்பர் 5க்கு முன்பு நடந்திருக்க வேண்டும். அவர் அக்காவைப் பற்றி “ஆரம்பித்தாகிவிட்டதா” என்று கேட்கும் தொனியைப் பார்த்தால், தன் பங்கு முடிந்துவிட்டவர் கேட்பது மாதிரிதான் இருக்கிறது. இது என் ஊகம். கடிதத்தில் நேரடியாக எழுதப்படவில்லை.

அந்தக் காலத்தில் இது விசேஷமல்ல, வழக்கமான வேலை முறையே இதுதான். கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடித்து, தோல் பசை பூசிக் காயவைத்து, அதன்மேல் அடிப்பூச்சு பூசுவார்கள். தென் ஜெர்மனி, ஆஸ்திரியப் பகுதிகளில் செம்மண் நிற அடிப்பூச்சு பரவலாக இருந்தது. பிறகு சாக்கட்டியிலோ மெல்லிய பழுப்பு வண்ணத்திலோ மொத்த அமைப்பையும் கோடுகளாக இட்டுக்கொள்வார்கள்: யார் எங்கே, தலை எந்த உயரத்தில், கைகள் எங்கே. இந்தக் கட்டத்திலேயே ஒவ்வொரு தலைக்கும் இடம் ஒதுக்கியாகிவிடும். அதன்பிறகுதான் ஆட்கள் வருவார்கள், அவரவருக்கு வசதிப்பட்ட நாளில், தனித்தனியாக. முகத்துக்கு இரண்டு மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்று ஒன்றரை மணி நேரம் என்பது சாதாரணக் கணக்கு. முதல் அமர்வில் மங்கலான நிறங்களில் வடிவம், இரண்டாவதில் தோலின் நிறம், மூன்றாவதில் கண், உதடு, ஒளிப்புள்ளிகள். இடையில் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய நாட்கள் வேண்டும். பனிக்காலத்தில் எண்ணெய் மெதுவாகக் காயும். நல்ல வெளிச்சமும் பகலில் சில மணி நேரம்தான். அதனால் நவம்பருக்குள் தொடங்கிவிட்ட படம் ஜனவரியிலும் முடியாமல் இழுத்ததில் ஆச்சரியமே இல்லை. உடைகளுக்கு ஆள் வேண்டாம். கோட்டையும் கவுனையும் வாங்கி வைத்துக்கொண்டு மரப் பொம்மைக்குப் போட்டு வரைவார்கள். கைகளுக்கு வேறு யாரையாவது உட்காரவைப்பதும் உண்டு.

இப்படிச் சேர்த்துக் கட்டும் படங்களில் வரும் பிழைகளும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். ஒரு முகத்துக்கு இடமிருந்து ஒளி விழும், பக்கத்து முகத்துக்கு நேரே எதிரிலிருந்து விழும். ஒரே தூரத்தில் இருப்பவர்களில் ஒருவர் தலை சற்றுப் பெரிதாக இருக்கும். முகத்துக்கும் உடம்புக்கும் கழுத்து சரியாகப் பொருந்தாது. எல்லாவற்றையும்விட அதிகம் காணக்கிடைப்பது பார்வைகள் சந்திக்காமல் போவது. காரணம் எளிது: ஓவியர் முன் தனியாக உட்கார்ந்தவர் ஓவியரைத்தான் பார்ப்பார், அல்லது அவர் சொன்ன திசையைப் பார்ப்பார். பக்கத்தில் ஆளே இல்லாதபோது எங்கே திரும்பிப் பார்ப்பது? கேள்வியில் வந்த “யாரும் யாரையும் பார்க்கவில்லை” என்பதற்கு என் பதில் இதுதான். அந்தக் காலத்துப் பல குடும்ப ஓவியங்களில் இந்தக் குறை கொஞ்சமாவது இருக்கும், பாசமான குடும்பமாக இருந்தாலும் சரி.

அப்பா தள்ளி இருப்பதற்கும் ஓவியரின் கணக்கு ஒன்று உண்டு. அகலமான கேன்வாஸில் இருவர் ஒரு பக்கம் ஒட்டி உட்கார்ந்தால் படம் அந்தப் பக்கம் சாயும். மறுபக்கம் எடையுள்ள ஒரு உருவம் வேண்டும். நடுவே இசைக்கருவியின் உடல் பெரும் இடத்தை அடைக்கிறது. அதற்கு மேலே சுவரில் வெறுமை விழாமல் அம்மாவின் சட்டம். உயிரோடு இல்லாத ஒருவரை உயிருள்ளவர்கள் நடுவே கொண்டுவர இது அக்காலத்தில் எல்லோருக்கும் புரிந்த வழி. மூவரும் நெருங்கி உட்கார்ந்திருந்தால் அம்மாவுக்கு இந்த இடம் கிடைத்திருக்காது. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த தீர்மானமும் இதுவே.

வாசிக்காத வயலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே தொழில் என்ற விஷயம் இங்கேதான் வருகிறது. அப்போது அப்பா, மகன் இருவரும் ஒரே எஜமானரிடம், சால்ஸ்பர்க் பேராயர் கொலோரெடோவிடம், சம்பளத்துக்கு இருந்தவர்கள். லியோபோல்ட் 1743இல் அரசவை வாத்தியக் குழுவில் வயலின் கலைஞராகச் சேர்ந்து, 1763இல் துணை இசை இயக்குநர் ஆனார். அதற்கு மேல் பதவி உயர்வு வரவே இல்லை. வொல்ஃப்காங் அதே குழுவில் முதன்மை வயலின் கலைஞராக இருந்து, 1779 ஜனவரியில் ஆண்டுக்கு 450 கில்டர் சம்பளத்தில் அரசவை ஆர்கன் கலைஞரானார். அதாவது மகனுக்கும் வயலின் நன்றாகவே தெரியும், ஐந்து வயலின் கான்செர்ட்டோக்கள் (தனி வயலினும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) எழுதியவர். ஆனாலும் படம் வயலினை அப்பாவுக்கும் விசைப்பலகையை மகனுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. மகனின் அன்றைய பதவியோடு இது பொருந்துகிறது. அப்பாவைப் பொறுத்தவரை வயலின் அவருடைய பெயருக்குச் சமம். 1756இல், வொல்ஃப்காங் பிறந்த அதே ஆண்டில், அவர் ஆக்ஸ்பர்கில் வெளியிட்ட வயலின் பாடநூல் ஐரோப்பா முழுக்கப் பயன்பட்டது. வயலினை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படிப் பிடிக்கக்கூடாது என்று அதில் படம் போட்டே காட்டியிருக்கிறார். உருவப்படங்களில் தொழிற்கருவி என்பது கிட்டத்தட்டப் பெயர்ப்பலகை: மருத்துவர் கையில் புத்தகம், கப்பல் தலைவர் கையில் தொலைநோக்கி. அதை அவர் அந்த நிமிடம் உபயோகிக்கிறாரா என்பது பொருட்டே இல்லை. வாசிக்கும் நிலையில் வரைந்தால் வேறொரு சிக்கலும் வரும்: வயலின் தாடைக்கடியில் போய், முகம் சாய்ந்து, வில் பிடித்த கை மார்பின் குறுக்கே வந்து, சாயல் கெட்டுப்போகும். பணம் கொடுப்பவருக்கு முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதனால் கருவியைக் கையில் வைத்திருப்பதே பாதுகாப்பான தேர்வு.

இதே குடும்பத்தின் இன்னொரு படத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 1763இல் பாரிஸில் கார்மோன்டெல் வரைந்த நீர்வண்ணப் படத்தில் சிறுவன் வொல்ஃப்காங் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) வாசிக்கிறான், அவன் பின்னால் அப்பா வயலின் வாசிக்கிறார், அக்கா தாளைப் பார்த்துப் பாடுகிறாள். அதில் அப்பா உண்மையாகவே வாசிக்கிறார். கார்மோன்டெல் ஆட்களைப் பக்கவாட்டில் வரைவதையே வழக்கமாகக் கொண்டவர், பக்கவாட்டு முகத்துக்கு வயலின் தடையில்லை. அந்தப் படத்தின் நோக்கமும் வேறு: 1764இல் டெலாஃபோஸ் அதைச் செப்புத்தகட்டில் செதுக்க, அச்சுப்பிரதிகள் கச்சேரிப் பயணத்தில் விளம்பரமாகப் பரவின. விளம்பரத்தில் எல்லோரும் வாசித்தாக வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முந்தைய படத்தில் ஒற்றுமை, பிந்தையதில் விரிசல் என்று இரண்டையும் வைத்துக் கதை கட்டுவது எளிது, ஆனால் இரண்டு படங்களும் வெவ்வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை.

அப்படியானால் விரிசலே இல்லையா என்றால், இருந்தது. படத்துக்கு முன்பே இருந்தது. அம்மா பாரிஸில் இறந்த அன்று இரவு வொல்ஃப்காங் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம் என்று மட்டும் சொல்கிறார். உண்மையைக் குடும்ப நண்பரான பாதிரியார் புல்லிங்கருக்கு எழுதி, அப்பாவையும் அக்காவையும் மெல்லத் தயார்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறார். அதற்குப் பிந்தைய மாதங்களில் லியோபோல்டின் கடிதங்களில் துக்கத்தோடு குற்றச்சாட்டும் கலந்திருக்கிறது. பெரிய முறிவு வந்தது படத்துக்குப் பிறகு: 1781 மே, ஜூனில் வியன்னாவில் பேராயரின் வேலையை வொல்ஃப்காங் விட்டபோதும், 1782இல் கான்ஸ்டன்ஸைத் திருமணம் செய்துகொண்டபோதும். எனவே உறவைப் பற்றி அறியக் கடிதங்களைப் படியுங்கள். படம் வரைந்துகொண்டிருந்த அதே வாரங்களில் அப்பாவும் மகனும் ‘இடோமெனியோ’ பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களும் கிடைக்கின்றன. வசனகர்த்தா வரேஸ்கோ சால்ஸ்பர்கில் இருந்ததால், மகன் கேட்கும் மாற்றங்களை அப்பாதான் அவரிடம் பேசி வாங்கி அனுப்புகிறார், கூடவே தன் யோசனைகளையும் சொல்கிறார். இரண்டு தொழில்காரர்கள் ஒரு வேலையைச் சேர்ந்து செய்வது எப்படி இருக்கும் என்று பார்க்க அவைதான் சிறந்த இடம். அவற்றைப் படித்தபின் படத்தைப் பார்த்தால் “விரிசல்” என்ற சொல் அவ்வளவு சீக்கிரம் வாயில் வராது.

இனி முகம். இங்கே நமக்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார்: நானெர்ல். 1819இல் வியன்னாவின் ஜோசப் சொன்லைத்னர் தன் இசையமைப்பாளர் படத்தொகுப்புக்காக மொசார்ட்டின் நம்பகமான சாயலைத் தேடியபோது, நானெர்ல் தன்னிடமிருந்த படங்களைப் பற்றி எழுதினார். இத்தாலியிலிருந்து திரும்பிய பருவத்துப் படம் நோயிலிருந்து எழுந்தவன் போல மஞ்சளாக இருக்கிறது, குடும்ப ஓவியத்தில் இருக்கும் சாயல் மிகவும் நன்றாக இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. அக்காவின் வார்த்தை கனமானது. ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்: தம்பி இறந்து 28 ஆண்டுகள் ஆன பின், அவரைக் கடைசியாக நேரில் பார்த்து 36 ஆண்டுகள் ஆன பின் அவர் சொன்னது இது. 1783இல் வொல்ஃப்காங் மனைவியோடு சால்ஸ்பர்க் வந்து போனபிறகு அக்காவும் தம்பியும் சந்திக்கவில்லை. படத்தையே தினமும் பார்த்துப் பார்த்து நினைவு படத்தின் முகமாக மாறிவிடுவதும் நடக்கக்கூடியது. அப்படியும், ஆளோடு வளர்ந்த ஒருவர் ஏற்றுக்கொண்ட சாயல் என்ற அளவில் இது மற்றப் பல படங்களைவிட உயர்ந்த இடத்தில் நிற்கிறது.

அந்தச் சாயலிலும் ஓவியர் எதையோ விட்டிருப்பார். வொல்ஃப்காங்குக்கு 1767இல் ஓல்முட்ஸ் நகரில் பெரியம்மை கண்டது. அவருடைய உருவப்படங்களில் தோல் வழவழப்பாகவே இருக்கிறது. தழும்பை மறைப்பது உருவப்பட ஓவியர்கள் பொதுவாகச் செய்த உபசாரம். மூக்கு, கண், தாடையின் அமைப்பை நம்புங்கள், தோலை நம்பாதீர்கள். தலைமுடியும் பவுடர் போட்ட அலங்காரம்தான், இயல்பான நிறத்துக்கு அது ஆதாரம் ஆகாது.

சந்தேகத்துக்குரியவற்றில் முதலாவது ஓவியரின் பெயர். எல்லா இடத்திலும் ஜோஹான் நெப்பொமுக் டெல்லா க்ரோச்சே என்று போட்டிருக்கும். பவேரியாவின் பர்க்ஹவுசனில் குடியிருந்து சுற்றுவட்டாரத்தில் நிறைய உருவப்படங்கள் வரைந்தவர் அவர். ஆனால் குடும்பக் கடிதங்கள் “ஓவியர்” என்று மட்டும்தான் சொல்கின்றன. பெயர் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது, எனவே “அவர் வரைந்ததாகக் கருதப்படுவது” என்று எழுதுவதே நேர்மை. இரண்டாவது, அந்த இசைக்கருவி ஹார்ப்சிகார்டா, பியானோவின் ஆரம்பகால வடிவமான ஃபோர்ட்டேபியானோவா என்பது. ஹார்ப்சிகார்டில் இறகுமுள் கம்பியை மீட்டும், ஃபோர்ட்டேபியானோவில் சிறு சுத்தியல் அடிக்கும். இரண்டுமே மூடிய பெட்டிக்குள் நடப்பவை. வெளித்தோற்றம் இரண்டுக்கும் ஒன்றுபோல இருக்கக்கூடியது என்பதால், படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். மூன்றாவது, கை தாண்டி வாசிப்பது அவர்களுடைய உண்மையான வழக்கமா, ஓவியரின் அலங்காரமா என்பது. நான்கு கைகளுக்கான சொனாட்டாக்களை வொல்ஃப்காங் 1770களில் எழுதியிருக்கிறார், அக்காவும் தம்பியும் ஒரே கருவியில் வாசித்ததும் உறுதி. கைகள் அந்தக் கணத்தில் அப்படித் தாண்டின என்பதற்குப் படத்துக்கு வெளியே சான்று தேவை, ஏனென்றால் அக்கா ஓவியர் முன் உட்கார்ந்த நேரத்தில் தம்பி ஊரில் இல்லை.

மூலத்தைப் பார்க்க விரும்பினால் சால்ஸ்பர்கில் மகார்ட்பிளாட்ஸ் 8ஆம் எண் வீட்டுக்குப் போக வேண்டும். 1773 முதல் குடும்பம் குடியிருந்த வீடு அது. 1944 அக்டோபரில் குண்டு விழுந்து பெரும்பகுதி இடிந்து, மொசார்ட்டின் நினைவைப் பேணும் மொசார்ட்டியம் அறக்கட்டளை திரும்பக் கட்டி 1996இல் திறந்தது. கெட்ரைடெகாஸ்ஸே 9இல் இருப்பது பிறந்த வீடு, பலர் அங்கே போய் இந்தப் படத்தைத் தேடுகிறார்கள். நேரே எதிரில் நின்றால் வார்னிஷ் பளபளப்பு கண்ணை அடிக்கும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்: மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கண்மணியில் ஒளிப்புள்ளி எங்கே இருக்கிறது என்று. மூன்று தலைகளுக்கும் இதைச் செய்தால் தனித்தனி அமர்வுகள் எந்த அளவுக்கு ஒட்டியிருக்கின்றன என்று உங்களுக்கே புரியும். இணையத்தில் பார்ப்பவர்கள் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. பழைய வார்னிஷ் மஞ்சளாகி நீலத்தைப் பச்சையாகக் காட்டும், அதற்குமேல் புகைப்படக்காரரின் திருத்தம் வேறு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. புத்தக அட்டையிலும் சாக்லேட் டப்பாவிலும் வரும் சிவப்புக் கோட்டு மொசார்ட்டின் தனிமுகம் பெரும்பாலும் இந்த ஓவியத்திலிருந்து வெட்டி எடுத்ததல்ல. 1819இல் பார்பரா கிராஃப்ட் சொன்லைத்னருக்காக வரைந்தது, இப்போது வியன்னா இசை ஆர்வலர் சங்கத்தில் இருக்கிறது. கிராஃப்ட் மொசார்ட்டை உட்காரவைத்து வரைந்ததில்லை. நானெர்ல் கொடுத்த படங்களை, முக்கியமாகக் குடும்ப ஓவியத்தின் தலையை, பார்த்து எடுத்தார். அழகான வேலை, ஆனால் நகலின் நகலில் கண்கள் கொஞ்சம் பெரிதாகும், உதடு கொஞ்சம் மென்மையாகும். முகத்தைப் பற்றி வாதிடும்போது கையில் இருப்பது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அக்காவின் தோளோ, விசைப்பலகையோ தெரிந்தால் 1780-81. வெறும் பழுப்புப் பின்னணியில் மார்பளவு மட்டும் இருந்தால் 1819.